720 இல்லீங்க, 1000!

எங்க அக்கா பையன் சித்தூர்ல இன்டர் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். அவனோட கணக்கு கைடைச் சும்மா புரட்டிட்டு இருந்தேன். ஒரு கேள்வி கண்ணுல பட்டுச்சு.

ஒரு நம்பர் பூட்டு. மூணு சக்கரம். ஒவ்வொரு சக்கரத்துலயும் 0 முதல் 9 வரைக்கும் எண்கள். எத்தனை விதமா நம்பர் வைக்கலாம்?

பதில்: 720.

சுர்ருனு கோபம் ஏறிடுச்சு.

ஏன்னு சொல்றேன். கடையில போய் மூணு சக்கரம் வெச்ச நம்பர் பூட்டு ஒண்ணு புதுசா வாங்கிப் பாருங்க. கூடவே ஒரு துண்டுச்சீட்டு வரும். பெரும்பாலான பூட்டுல கம்பெனியே வெச்சு அனுப்புற நம்பர் 000. மூணு சைபர்!

கைடு சொல்ற 720-க்குள்ள அந்த 000-க்கு இடமே கிடையாது. பத்தை ஒன்பதால பெருக்கி, அதை எட்டால பெருக்கினா 720. அப்படிப் பெருக்கினவர், ஒரு சக்கரத்துல வந்த எண் இன்னொரு சக்கரத்துல வரக்கூடாதுன்னு மனசுக்குள்ள ஒரு சட்டம் போட்டுக்கிட்டார். பூட்டு அப்படி எந்தச் சட்டமும் போடலை. 555 வைக்கலாம், 707 வைக்கலாம், 112 வைக்கலாம். முதல் சக்கரத்துல 10 வழி, ரெண்டாவதுல 10, மூணாவதுல 10. மொத்தம் 1000.

வித்தியாசம் 280 தானேன்னு விட்டுட முடியலை. ஏன்னா அந்தப் பிள்ளை 720ன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான். அவன் பையிலயே ஒரு நம்பர் பூட்டு தொங்குது. அதை ஒரு தடவை கையில எடுத்து உருட்டிப் பார்த்தாலே விடை தெரிஞ்சிடும். பூட்டைத் தொடாமலே பூட்டுக் கணக்கு போடச் சொல்லிக்கொடுக்கிறாங்களே, அதுதான் எனக்குத் தாங்கலை.

அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும். பொறுமையா வாங்க.

முதல்ல எங்க ஊர்ப் பக்கத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. சித்தூர்னா ஆந்திரான்னு எல்லாருக்கும் தெரியும். 1911 வரைக்கும் வடாற்காடு மாவட்டத்துக்குத் தலைமையிடமே சித்தூர்தான்ங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் வேலூர், அந்தப் பக்கம் திருப்பதி. வீட்டுக்குள்ள தமிழ், வாசல்படி தாண்டினா தெலுங்கு. பிள்ளைங்க ரெண்டுலயும் சண்டை போடும். (சமாதானம் மட்டும் ஏனோ தெலுங்குலதான் ஆகும்.)

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துல "வரிசை மாற்றம்"னு படிக்கிறதை இங்கே தெலுங்கு மீடியத்துல "பிரஸ்தாரம்"னு படிக்கிறாங்க. பெர்மியூட்டேஷன். அதுக்கு ஜோடியா வர்ற காம்பினேஷனுக்கு "சம்யோகம்". அக்கா பையன் என்கிட்ட கேட்டதே இதைத்தான்.

"மாமா, கணக்கைப் படிச்சதும் இது பிரஸ்தாரமா சம்யோகமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஃபார்முலா தெரியுது. எதைப் போடணும்னுதான் தெரியலை."

நியாயமான கேள்வி. நுழைவுத் தேர்வு எழுதப் போற பிள்ளைங்க முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிற சந்தேகம்.

பதிலுக்கு நான் அவனை மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். நிஜமா இல்லை, பேச்சுலதான்.

திருமலையில ஆர்ஜித சேவை டிக்கெட்டுக்கு லக்கி டிப் நடத்துறாங்க, தெரியும் இல்லையா? சுப்ரபாதம், தோமாலை, அர்ச்சனைன்னு. ஆன்லைன்ல பேர் கொடுத்து வெச்சா கம்ப்யூட்டர் குலுக்கி எடுக்கும். இப்போ நாலு பேர் பேர் கொடுக்கிறாங்க, ரெண்டு பேருக்குத்தான் இடம்னு வெச்சுக்குவோம். எத்தனை விதமா ஜோடி அமையும்?

ஆறு விதம். எழுதிப் பார்த்தா ஒரு நிமிஷ வேலை. இதுல உங்க பேர் முதல்ல வந்துச்சா ரெண்டாவதா வந்துச்சான்னு யாரும் கேக்க மாட்டாங்க. வந்துச்சா இல்லையா, அவ்வளவுதான். இது சம்யோகம்.

இப்போ அப்படியே சன்னிதிக்குள்ள வாங்க.

பெருமாளுக்கு நாலு கை. கீழ்க்கை ரெண்டுலயும் ஆயுதம் கிடையாது. வலது கை திருவடியைக் காட்டும், இடது கை இடுப்புல இருக்கும். மேல்கை ரெண்டுல வலது பக்கம் சக்கரம், இடது பக்கம் சங்கு. பொதுவா விஷ்ணுவுக்குன்னு சொல்ற சின்னம் நாலு: சங்கு, சக்கரம், கதை, தாமரை. இந்த நாலுல ரெண்டை எடுத்து மேல்கை ரெண்டுல வைக்கணும்னா ஒரு சிற்பிக்கு எத்தனை வழி இருக்கு?

எந்த ரெண்டுங்கறதுக்கு ஆறு வழி. லக்கி டிப்ல பார்த்த அதே ஆறு. ஆனா இங்கே கதை முடியலை. எது எந்தக் கையிலங்கறது பாக்கி இருக்கு. ஒவ்வொரு ஜோடியையும் கை மாத்தி வைக்கலாம். ஆக 12.

"கை மாறினா என்ன மாமா, சங்கும் சக்கரமும் தானே?"னு கேட்டான்.

நல்லா கேட்டான். திருக்கோவிலூர் போய் உலகளந்த பெருமாளைப் பாருங்க. அங்கே வலது கையில சங்கு, இடது கையில சக்கரம். தெரிஞ்சவங்க எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க. திருமலையில இருக்கிற அதே ரெண்டு பொருள்தான். கை மாறினதுமே அது வேற கோலம், வேற தரிசனம்.

அவ்வளவுதான் சார் விஷயம்! இடம் மாறினா வேறயா ஆயிடுதுன்னா அது பிரஸ்தாரம். இடம் மாறினாலும் ஒண்ணும் ஆகலைன்னா சம்யோகம். இதைப் புரிஞ்சுக்கிட்டு அப்புறம் ஃபார்முலா படிங்க.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது.

நாலு கையிலயும் நாலு சின்னம் வெச்சா? இந்தக் கேள்வியை 1150-லயே ஒருத்தர் கேட்டிருக்கார். பாஸ்கராச்சாரியார், லீலாவதியில. கதை, சக்கரம், தாமரை, சங்கு நாலையும் கை மாத்தி மாத்தி வெச்சா ஹரிக்கு எத்தனை உருவம் கிடைக்கும்னு கேட்டு, 24னு பதிலும் சொல்லியிருக்கார்.

24! தெலுங்குக்காரங்க வீட்டுல பூஜைக்கு உட்கார்ந்தா ஆசமனத்துல கேசவ, நாராயண, மாதவ, கோவிந்தன்னு ஆரம்பிச்சு 24 நாமம் சொல்லுவாங்க, கேட்டிருக்கீங்களா? சிற்ப சாஸ்திரத்துல அந்த 24 பேருக்கும் தனித்தனி உருவம். எல்லாருக்கும் நாலு கை, எல்லாருக்கும் அதே நாலு சின்னம். எது எந்தக் கையிலங்கறதை வெச்சுத்தான் இது கேசவன், இது மாதவன்னு பிரிக்கிறாங்க. எந்த வரிசைக்கு எந்தப் பேருங்கறதுல நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். 24 மட்டும் மாறாது. எப்படி மாறும், கணக்கே அவ்வளவுதானே!

சின்ன வயசுல இருந்து காதுல விழுந்த 24 நாமத்துக்குள்ள ஒரு முழுக் கணக்குப் பாடம் உட்கார்ந்திருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துப் போச்சு.

சரி, 24-ங்கறதை வாயால சொன்னா பத்தாதுன்னு நாங்க செஞ்சே பார்த்தோம். பழைய தினசரிக் காலண்டர் தாளைக் கிழிச்சு நாலு சீட்டு. ஒவ்வொண்ணுல ஒரு படம். தரையில சாக்பீஸால நாலு கட்டம், ஒவ்வொரு கட்டமும் ஒரு கை. மாத்தி மாத்தி வெச்சு நோட்டுல எழுதிட்டே போறது.

மனசுக்குத் தோணினபடி வெச்சா பதினஞ்சு பதினாறு வரைக்கும் ஜோரா போகுது. அப்புறம் வண்டி நின்னுடுது. ஏற்கெனவே எழுதினதே திரும்ப வருது. எது விட்டுப்போச்சுன்னு தெரியலை.

அப்புறம் வழியை மாத்தினோம். முதல் கையில சங்கு, அது அசையவே கூடாது. மிச்ச மூணை மட்டும் மாத்தினா ஆறு வருது. அடுத்து முதல் கையில சக்கரம், மறுபடி ஆறு. கதைக்கு ஆறு, தாமரைக்கு ஆறு. நாலாறு இருபத்துநாலு. ஒண்ணுகூட விடலை, ஒண்ணுகூட ரெண்டு தடவை வரலை.

இப்படி ஒரு ஒழுங்கு வெச்சு ஒண்ணு விடாம விரிச்சுக்கிட்டே போறதுதான் பிரஸ்தாரம். (4 × 3 × 2 × 1ங்கறது அந்த ஒழுங்கைச் சுருக்கி எழுதின கணக்கு.) கையால ஒரு தடவை விரிச்சுப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பெருக்கல் ஏன் வருதுன்னு யாரும் விளக்கவே வேண்டாம்.

பாட்டுக்காரங்களுக்கும் பிரஸ்தாரம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டு சங்கீத ரத்னாகரத்துல சார்ங்கதேவர் ஏழு சுவரத்தையும் இப்படித்தான் விரிக்கிறார். ஏழையும் ஒவ்வொரு தடவை மட்டும் வெச்சு மாத்தினா 5040 வரிசை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளைன்னு எங்க மாவட்டத்துப் பெரிய வித்வான், 1954-ல சங்கீத கலாநிதி வாங்கினவர், லயத்துல புலி. அந்தத் தலைமுறையோட சுவரக் கணக்கைக் கேட்டீங்கன்னா, வரிசையை மாத்தி மாத்தி வைக்கிறதுல எவ்வளவு சுகம் இருக்குன்னு தெரியும். சரி, இது தனிப் பதிவு. விடுங்க.

பாஸ்கராச்சாரியாருக்கே திரும்புவோம். அவர் ஹரியோட நிறுத்தலை. சிவனுக்கும் கேட்டார். பத்துக் கை, பத்து ஆயுதம். பாசம், அங்குசம், பாம்பு, உடுக்கை, கபாலம், சூலம், கட்வாங்கம், சக்தி, அம்பு, வில். மாத்தி மாத்தி வெச்சா எத்தனை உருவம்?

36,28,800.

முப்பத்தாறு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு! நாலு கைக்கு 24. பத்துக் கைக்கு இவ்வளவு. ஆறு கைதான் கூடியிருக்கு.

இதை எப்படி மனசுல வாங்கறதுன்னு யோசிச்சேன். காளஹஸ்தியில உட்கார்ந்துக்கிட்டு விநாடிக்கு ஒரு உருவம்னு ராப்பகலா தியானம் பண்ணா எவ்வளவு நேரம் ஆகும்? போட்டுப் பார்த்தா, சரியா 42 நாள். கூட ஒரு விநாடி இல்லை, குறைய ஒரு விநாடி இல்லை. (ஒரு நாளுக்கு 86,400 விநாடி. 42-ஆல பெருக்கிப் பாருங்க.) ஒரு மண்டலத்துக்கு ஆறு நாள் கம்மி. ஹரியோட 24-ஐ இதே வேகத்துல பார்த்தா அரை நிமிஷம்கூட ஆகாது.

இப்போ பூட்டுக்கு வருவோம். கோபம் அங்கேதானே ஆரம்பிச்சுது!

நிஜமாவே ஒரு தடவை வந்தது திரும்ப வராத பூட்டு ஒண்ணு இருந்திருக்கு. அமெரிக்காவுல 19-ஆம் நூற்றாண்டுல. அதுக்குப் பேரே பெர்மியூட்டேஷன் லாக். பேங்குக்குன்னு செஞ்சது. அந்தச் சாவியோட பல்லெல்லாம் தனித்தனித் துண்டு. கழட்டி, வரிசை மாத்தி, திரும்ப மாட்டிக்கலாம். டே அண்ட் நியூவெல் கம்பெனியோட பூட்டுல இன்னும் அழகு. இன்னைக்கு எந்த வரிசையில பல்லை மாட்டிப் பூட்டுறீங்களோ, பூட்டு அந்த வரிசைக்குத் தன்னை மாத்திக்கும். திறக்கணும்னா அதே வரிசை வேணும். சாவி திருடன் கையில கிடைச்சாக்கூட, பல்லைக் கலைச்சு வெச்சிருந்தா அவனுக்குப் பிரயோஜனம் இல்லை!

அந்தச் சாவிக்குப் பத்துப் பல்லு இருந்தா எத்தனை வரிசை?

36,28,800. சிவனோட பத்துக் கைக்கு வந்த அதே எண். ஒரு வரிசையை மாட்டி முயற்சி பண்ண அரை நிமிஷம்னு வெச்சாலும், எல்லாத்தையும் முயற்சி பண்ண சாப்பாடு தூக்கம் இல்லாம 1260 நாள். 12-ஆம் நூற்றாண்டுல லீலாவதியில தெய்வத்துக்காகப் போட்ட கணக்கு, 19-ஆம் நூற்றாண்டுல பேங்குப் பெட்டியைக் காவல் காத்திருக்கு. இதை எந்தக் கைடுலயாவது போட்டிருக்காங்களா, சொல்லுங்க!

நம்ம திண்டுக்கல் பூட்டும் இந்த ஜாதிதான். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டு. உள்ளே லீவர் லீவரா இருக்கும். சாவியோட ஒவ்வொரு வெட்டும் ஒரு லீவரைத் தூக்கணும். எல்லா லீவரும் அதது உயரத்துக்கு வந்தாத்தான் பூட்டு விடும். ஆறு லீவர், ஆறும் வேற வேற உயரம், ஒரே உயரம் ரெண்டு தடவை கிடையாதுன்னு ஒரு பூட்டு செஞ்சா, அந்த ஆறு உயரத்தை 720 விதமா வரிசைப்படுத்தலாம்.

720! கைடுல வந்த அதே எண். ஆக அந்த எண் மேல எனக்குக் கோபம் இல்லை. அது உட்கார வேண்டிய பூட்டு வேற.

சக்கரம் வெச்ச பூட்டு வேற இனம். அதுல ஒரு எண் திரும்பத் திரும்ப வரலாம். இந்த இனமும் பழசுதான். 1206-ல அல் ஜஸாரி எழுதின இயந்திர நூல்லயே சக்கரம் திருப்பித் திறக்கிற பூட்டு இருக்கு. அதோட கணக்கு தமிழ் இலக்கணம் படிச்ச எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். தெரியும்ங்கறது தெரியாது, அவ்வளவுதான்.

தேமா, புளிமா, கூவிளம், கருவிளம்.

நேர், நிரைன்னு ரெண்டே அசை. ஈரசைச் சீர்னா ரெண்டு இடம். முதல் இடத்துல ரெண்டு வழி, அடுத்த இடத்துல ரெண்டு வழி. நாலு சீர். நேர் நேர்னு ஒண்ணே திரும்ப வரலாம் (அதான் தேமா). மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16, ஓரசைச் சீர் 2. கூட்டினா 30. யாப்பருங்கலக்காரிகை படிச்சவங்களுக்கு இந்த முப்பது மனப்பாடம். நேர், நிரைன்னு ரெண்டே எழுத்து போட்ட சக்கரப் பூட்டுதான் இந்த முப்பதும். எழுத்து ரெண்டுக்குப் பதில் பத்து வெச்சா, உங்க சூட்கேஸ் பூட்டு.

தெலுங்குப் பிள்ளைங்க இதையே குரு, லகுன்னு படிக்கும். மூணு இடம், ரெண்டு எழுத்து, எட்டு கணம். அதை ஞாபகம் வெச்சுக்க அவங்ககிட்ட ஒரு மந்திரம் இருக்கு: யமாதாராஜபானஸலகம். பத்தே எழுத்து. முதல் எட்டுல எந்த எழுத்துல ஆரம்பிச்சு மூணு எழுத்து எடுத்தாலும் ஒரு கணம் வரும். யமாதா எடுத்தா ய கணம். மாதாரா எடுத்தா ம கணம். இப்படி எட்டும் அதுக்குள்ளேயே அடங்கிடும். தனித்தனியா எழுதினா 24 எழுத்து வேணும். இங்கே பத்துல முடிஞ்சுது, ஒண்ணோட வால் இன்னொண்ணோட தலையா இருக்கிறதால.

இதுக்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? நேரடிச் சம்பந்தம் இருக்கு!

கதவுல பட்டன் வெச்ச நம்பர் பூட்டு வருதில்லையா, அதுல சில மாடல்ல என்டர் பட்டன் கிடையாது. தப்பா அழுத்தினா சத்தமும் கிடையாது. கடைசியா அழுத்தின நாலு எண்ணைப் பார்த்துக்கிட்டே இருக்கும், சரியா வந்ததும் திறந்துடும். நாலு இலக்கம்னா 10,000 நம்பர். ஒவ்வொண்ணா அழுத்தினா 40,000 தடவை அழுத்தணும். ஆனா யமாதாராஜபானஸலகம் மாதிரியே வாலும் தலையும் பின்னி ஒரு நீள வரிசை போட்டா, 10,003 தடவை அழுத்தினாலே எல்லா நம்பரும் வந்துடும். வேலை கால்வாசியா குறைஞ்சு போச்சு. செய்யுள் மனப்பாடம் பண்ண எவரோ கண்டுபிடிச்ச உபாயம், பூட்டோட பலவீனத்தையும் சேர்த்துச் சொல்லுது பாருங்க.

பட்டன் பூட்டுல இன்னொரு சங்கதி. தினமும் அழுத்துற பட்டன் தேஞ்சு பளபளன்னு ஆயிடும். நாலு இலக்க நம்பர், நாலு பட்டன் தேஞ்சிருக்கு. அப்போ நம்பர்ல என்னென்ன எண் இருக்குன்னு தெரிஞ்சு போச்சு, வரிசைதான் தெரியாது. எத்தனை வரிசை? 24. ஹரியோட 24 இங்கேயும் வந்து நிக்குது! பத்தாயிரமா இருந்தது 24 ஆயிடுச்சு.

மூணு பட்டன்தான் தேஞ்சிருக்குன்னா? ஒரு எண் ரெண்டு தடவை வருது. இன்னும் சுலபமா இருக்கும்னுதான் யாருக்கும் தோணும். போட்டுப் பாருங்க, 36 வரும். எந்த எண் ரெண்டு தடவை வருதுன்னு தெரியாதே, அதனால கூடுது. (அக்கா பையன் இதை நம்பவே இல்லை. 1, 2, 3 வெச்சு 36-ஐயும் எழுதிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கிட்டான்.) ரெண்டு பட்டன் மட்டும் தேஞ்சிருந்தா 14.

இனி நடைமுறைக்கு வருவோம். மூணு சக்கரப் பூட்டு. 1000 நம்பர். ஒண்ணுக்கு ரெண்டு விநாடின்னா மொத்தம் 33 நிமிஷம் சொச்சம். வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸ்ல ஒரு கம்பார்ட்மென்ட்ல உட்கார்ற நேரத்துல ஒருத்தன் பொறுமையா உருட்டி முடிச்சிடுவான். நாலு சக்கரம்னா 10,000. அதே வேகத்துல அஞ்சரை மணி நேரம். ஒரே ஒரு சக்கரம் கூடினதுக்குப் பத்து மடங்கு காவல்!

ஆனா பத்தாயிரத்தையும் நீங்களே குறைச்சுக்கலாம். எப்படி? பிறந்த தேதியும் மாசமும் வெச்சா 366-க்குள்ள முடிஞ்சு போச்சு. பிறந்த வருஷம் வெச்சா இன்னும் மோசம், நூறுக்குள்ள. 1234, 1111 எல்லாம் சொல்லவே வேண்டாம். பூட்டு உங்களுக்குப் பத்தாயிரம் கொடுக்குது. அதை நூறா மாத்துறது நம்ம கைதான்.

இன்னொண்ணும் சொல்லணும். எண்ணிக்கை பெருசா இருந்தா மட்டும் பூட்டு பத்திரம்னு நினைக்காதீங்க. 1851 லண்டன் கண்காட்சி சமயத்துல ஆல்ஃபிரட் ஹாப்ஸ்ங்கற அமெரிக்கர், திறக்கவே முடியாதுன்னு பேர் வாங்கியிருந்த சப் பூட்டை 25 நிமிஷத்துல திறந்து காட்டினார். அப்புறம் பிராமா பூட்டு. 1790-ல இருந்து கடை ஜன்னல்ல வெச்சு, திறந்தா 200 கினி பரிசுன்னு சவால் விட்டிருந்தாங்க. அதையும் பல நாள் உட்கார்ந்து, 50 மணி நேரத்துக்கு மேல பாடுபட்டுத் திறந்துட்டார்! அவர் ஒவ்வொரு வரிசையா முயற்சி பண்ணலை. பூட்டோட உள்பாகம் கைக்குச் சொல்ற சின்னச் சின்ன அசைவைக் கேட்டுத் திறந்தார். அவரே கொண்டு வந்து காட்டின டே அண்ட் நியூவெல் பூட்டை, அதே பல்லு மாத்துற பூட்டைத்தான், பின்னாடி லைனஸ் யேல் ஜூனியர் திறந்தார்.

மட்டமான சக்கரப் பூட்டும் இப்படித்தான். கொண்டியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்தை உருட்டினா, சரியான எண்ணுல லேசா ஒரு பிடிமானம் தெரியும். அப்புறம் ஆயிரம் எதுக்கு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பத்து. முப்பதுக்குள்ள வேலை முடிஞ்சுது. பத்தைப் பத்தால பெருக்க வேண்டிய இடத்துல பத்தோட பத்தைக் கூட்டற மாதிரி ஆயிடுது. பூட்டோட தரம்னு எதைச் சொல்றோம்? அந்தப் பெருக்கலைக் கூட்டலா மாற விடாம காப்பாத்துறதைத்தான்.

இவ்வளவும் ஏன் எழுதறேன்னா, கணக்கு வாத்தியார்களுக்கும் கைடு போடறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கு.

ஃபார்முலாவை முதல் பக்கத்துல போடாதீங்க. ரெண்டு கேள்வியைப் போடுங்க.

ஒண்ணு: இடம் மாறினா வேறயா ஆயிடுமா?

ரெண்டு: ஒரு தடவை வந்தது திரும்ப வரலாமா?

லக்கி டிப்புக்கு முதல் கேள்வியிலயே பதில் கிடைச்சிடும், மாறாது. பெருமாள் கைக்கு முதல் கேள்விக்கு ஆமாம், ரெண்டாவதுக்கு வராது. சக்கரப் பூட்டுக்கு ரெண்டுக்குமே ஆமாம். இந்த ரெண்டைக் கேட்டுப் பழகின பிள்ளைக்கு 720-க்கும் 1000-க்கும் குழப்பமே வராது.

திருப்பதிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? மலை மேலயே இருக்கு. பிள்ளைங்களுக்கு 24 நாமமும் தெரியும், யமாதாராஜபானஸலகமும் தெரியும். தமிழ்ப் பிள்ளைங்களுக்குத் தேமா புளிமா தெரியும். எங்கேயோ இருக்கிற நகரத்துல சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் பைக்குள்ள போட்டு எடுக்கிற கணக்கை அப்புறம் வெச்சுக்கலாம்.

படிக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை நம்பர் பூட்டு வாங்கினா நாலு சக்கரம் வெச்சதா வாங்குங்க. இழுத்துப் பிடிச்சு உருட்டிப் பாருங்க, பிடிமானம் தெரிஞ்சா வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துடுங்க. யார் பிறந்த நாளையும் வைக்காதீங்க. வீட்டுல பிளஸ் டூவோ இன்டரோ படிக்கிற பிள்ளை இருந்தா, அந்தப் பூட்டை அது கையில கொடுத்து எத்தனை நம்பர் வைக்கலாம்னு கேளுங்க. 720னு சொன்னா, 000-ஐத் திருப்பிக் காட்டுங்க. மிச்சத்தை அதுவே கண்டுபிடிச்சிடும்.